இடது பக்கக் கதவுகள்

தூத்துக்குடியில் பெயிண்ட் சுரண்டிய தகரத்தை ஒரே ஒரு ராத்திரி வெளியே வைத்துப் பாருங்கள். காலையில் அது மஞ்சள் பூசிக் குளித்தது போல நிற்கும். வேறு ஊரில் துரு பிடிக்க ஒரு மாதம் ஆகுமென்றால் இங்கே ஒரு தூக்கம் போதும். இந்தக் கடல் காற்றில் உட்கார்ந்துகொண்டு ஐம்பது வருஷத்துப் பழைய காரைப் புதுசாக்கித் தருகிறேன் என்று ஒருவர் போர்டு மாட்டினால், அவருக்குத் துணிச்சல் கொஞ்சம் கூடுதல் என்று அர்த்தம். எட்டயபுரம் ரோட்டில் ஜேசுபாதம் அப்படித்தான் மாட்டியிருந்தார்.

அந்தப் பட்டறையில் ஏழு வருஷமாகத் தகரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் சந்தனமாரி. வயது முப்பத்தொன்பது. கணவன் சிவனாண்டி துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறான். அவள் முதலில் கார் தேய்க்க வந்தவள் இல்லை. தருவைகுளத்துப் பக்கம் ஃபைபர் படகு கட்டும் யார்டில் ஐந்து வருஷம் படகு தேய்த்தாள். யார்டு மூடியதும் ஜேசுபாதத்திடம் வந்து வேலை கேட்டாள். அவர் பேச்சுக்கு ஒரு கதவைக் காட்டி, இதில் எங்கே பள்ளம் இருக்கிறது சொல்லு என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஒரு முறை ஓட்டிவிட்டு மூன்று இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டாள். ஜேசுபாதத்துக்கு இரண்டுதான் தெரிந்திருந்தது.

கை அப்படிப்பட்ட கை. ஆனால் பட்டறையில் அவளுக்குப் பேர் என்னவென்றால் ‘உப்புத்தாள் தேய்க்கிற மாரி’. அவ்வளவுதான். கார் பெயிண்ட் வேலையில் நூறு மணி நேரம் என்றால் தொண்ணூற்றைந்து மணி நேரம் தட்டுவதும் தேய்ப்பதும்தான். மீதி ஐந்து மணி நேரம்தான் பெயிண்டைப் பீய்ச்சும் கன்னைப் பிடித்து அடிப்பது. பேரும் புகழும் முழுக்க அந்த ஐந்து மணி நேரத்துக்கே போகும். உலகம் எங்கும் இப்படித்தான் போலிருக்கிறது, சமைக்கிறவள் ஒருத்தி, பரிமாறிப் பேர் வாங்குகிறவன் ஒருத்தன்.

பரிமாறுகிறவன் செல்லப்பாண்டி. பட்டறையின் பெயிண்டர். கெட்டிக்காரன், அதை அவனே நாளைக்கு நாலு தடவை சொல்லுவான். அடித்து முடித்ததும் கன்னைக் கழுவக்கூட நிற்க மாட்டான், சந்தனமாரி கையில் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவான். அவள் தின்னர் ஊற்றிக் கழுவுவாள். கழுவி முடித்த பிறகு யாருக்கும் தெரியாமல் கன்னில் தண்ணீரை நிரப்பிப் பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரில் அடித்துப் பார்ப்பாள். ஒரு சாண் தூரம், ஒரே வேகம், முதல் கோட்டின் பாதி மேல் அடுத்த கோடு. சுவர் காய்ந்துபோகும், மறுநாள் மறுபடி அடிப்பாள். ஏழு வருஷமாக அந்தச் சுவருக்குத் தண்ணி பெயிண்ட் அடித்தவள் அவள். கன்னைத் தன் கையில் பிடித்து ஒரு காருக்கு, ஒரே ஒரு காருக்கு, அடித்துவிட வேண்டும். அவள் மனசில் இருந்தது அது ஒன்றுதான்.

ஆவணி மாதம் நாசரேத்திலிருந்து ஒரு மினி லாரியில் அந்த வண்டி வந்தது. அறுபத்தொன்பது மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு. பின் சீட்டில் கோழி அடைகாத்துவிட்டுப் போன வைக்கோல் கிடந்தது. தரைத் தகரம் வழியாக ரோடு தெரிந்தது. கூடவே இறங்கியவர் நேசக்குமார் சார், பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா டாக்டர், இது அவர் நோயாளிகளைப் பார்க்கப் போன வண்டி. ஜனவரி இருபத்திரண்டாம் தேதி சாரின் மகள் ஜெமிக்குக் கல்யாணம். பெண் இந்த வண்டியில்தான் சர்ச்சுக்கு, அவர்கள் பேச்சில் கோயிலுக்கு, போக வேண்டும்.

“என்ன கலர் சார்?” என்று ஜேசுபாதம் கேட்டார்.

“கருப்பு. பக்கவாட்டுல ஓடுது பாருங்க ஒரு வெள்ளிப் பட்டை, அது வேண்டாம். கம்பி, பட்டை எல்லாத்தையும் எடுத்துட்டு ஓட்டையை அடைச்சிடுங்க. எங்க கோயில் பியானோ மாதிரி வழவழன்னு ஒரே உடம்பா இருக்கணும்.”

தொழில் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சவால் என்று தெரியும். வெள்ளை பெயிண்ட் பள்ளத்தை மறைத்துக் கொடுக்கும், சில்வர் பாதி மறைக்கும். கருப்பு எதையும் மறைக்காது. மயிரிழை நெளிவு இருந்தால்கூட எதிரே நிற்கிற ஆளின் முகத்தை அது கோணலாக்கிக் காட்டிவிடும். பக்கவாட்டில் பட்டை ஓடினாலாவது கண் அங்கே போகும், அதுவும் கிடையாது. செல்லப்பாண்டி தலையைச் சொறிந்தான். சந்தனமாரிக்கு மட்டும் உள்ளங்கை குறுகுறுத்தது.

அன்று சாயங்காலம் ஜேசுபாதம் அவளைக் கூப்பிட்டார்.

“ஏளா மாரி, இந்த வண்டிய நீ பாரு. தகரத்துல இருந்து பிரைமர் வரைக்கும் உன் பாடு. ஒரு குத்தம் இல்லாம பிரைமர முடிச்சுக் காட்டு, கருப்ப நீயே அடி.”

“நெசமாவா சொல்லுதிய அண்ணாச்சி?”

“நான் வார்த்த மாத்திப் பேசுத ஆளா?”

செல்லப்பாண்டி பக்கத்தில்தான் நின்றான். “ஏளா, படகுன்னு நெனச்சு துடுப்ப வச்சு அடிச்சிராத,” என்றான். அவளுக்குக் கோபமே வரவில்லை. அன்றைக்கு அவளை யார் என்ன திட்டியிருந்தாலும் சிரித்திருப்பாள்.

அதற்குப் பிறகு நாலு மாதம் அவள் அந்த வண்டியோடுதான் இருந்தாள். பழைய பெயிண்டைச் சுரண்டினாள். உளுத்த தகரத்தை வெட்டி எறிந்து புதுத் தகரம் வைத்து வெல்டிங் போட ஜேசுபாதத்துக்குப் பிடித்துக்கொடுத்தாள். பட்டை இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். அந்த வண்டிக்கு எஞ்சின் மூடி மூக்கோடு சேர்த்து முழுசாக முன்னால் கவிழும். அதன் வளைவைத் தட்டி நேராக்கவே பதினெட்டு நாள் ஆனது. சாதாரணமாகப் பள்ளம் விழுந்த இடத்தில் பட்டி மாவை அப்பித் தேய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இவள் விடவில்லை. உள்ளே இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து வெளியே சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி, தகரமே நேராக வரும்வரை தட்டினாள். இடது பக்கத்து இரண்டு கதவுகளுக்கும் பட்டியே தேவைப்படவில்லை. வெறும் தகரம் தட்டிய தட்டில் கண்ணாடித் தகடு போல நின்றது. அன்று அவள் சந்தோஷத்தைக் கேட்க வேண்டாம், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டாத குறைதான்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெமியே வந்தாள். கோவில்பட்டியில் பேங்கில் வேலை பார்க்கிற பெண், பேச்சு பட்டாசு மாதிரி இருந்தது. சாம்பல் நிறத்தில் நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, “அக்கா, நான் எந்தக் கதவுல ஏறுவேன்?” என்று கேட்டாள்.

“இடது பக்கம், பின் கதவு,” என்று சந்தனமாரி தொட்டுக் காட்டினாள்.

டிசம்பரில் மழை ஒரு வாரம் விடாமல் பெய்தது. அடிப்பூச்சான பிரைமர் அடித்து, தண்ணீர் போட்டுத் தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்த்து, மூன்று சுற்று முடிந்தது. தூத்துக்குடிப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆழ்குழாயில் வருகிற போர் தண்ணீரை வண்டியில் காட்டக் கூடாது, அது வாயில் வைக்க முடியாத உப்பு. தேய்ப்பதற்கென்று நல்ல தண்ணி தனியாக நீல டிரம்மில் இருக்கும். இதெல்லாம் சந்தனமாரிக்குத் தெரியாததா, டிரம்மைக் காலியாக விடாமல் நிரப்பி வைப்பவளே அவள்தான்.

ஜனவரி இரண்டாம் தேதி காலை. நாலாம் தேதி கருப்பு அடிக்க நாள் குறித்தாகிவிட்டது. பெயிண்ட் டப்பாக்கள் வந்து அலமாரியில் இருந்தன. அவள் நேரத்தோடு வந்து வண்டியைத் துடைத்துவிட்டுக் கடைசியாக ஒரு முறை கையை ஓட்டினாள். வலது பக்கம் வெண்ணெய். கூரை வெண்ணெய். இடது பின் கதவில் கை நின்றது.

கண்ணுக்கு ஒன்றுமில்லை. கைக்குத் தெரிந்தது. கோடைக்காலத்தில் குழந்தை முதுகில் வியர்க்குரு தட்டுப்படுமே, அந்த மாதிரிப் பொடிப் பொடியாக. ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கும். முன் கதவுக்குப் போனாள். அங்கேயும் நாலைந்து.

சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஒன்றை நெருடினாள். பிரைமர் உரிந்து, கடுகளவு தண்ணீர் எட்டிப் பார்த்தது. அவள் அதை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். பெயிண்டைப் போய் எவளாவது நாக்கில் வைப்பாளா என்று கேட்கக் கூடாது. அந்த நேரத்தில் அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை.

உப்பு. துப்பினாள். வாய் முழுக்க உப்பு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எப்படி வந்தது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை, உடனே ஞாபகம் வந்தது. படகு யார்டில் ஒரு பழக்கம். தேய்த்து முடித்ததும் படகின் மேல் ஓஸ் பைப்பால் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுத் தலையைச் சாய்த்து ஓரத்திலிருந்து பார்ப்பார்கள். ஈரத்தில் பரப்பு பளபளக்கும், கோடு நேராக ஓடுகிறதா, எங்கே நெளிகிறது என்று சட்டென்று காட்டிக் கொடுத்துவிடும். அங்கே எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன, ஃபைபர் துருப்பிடிக்கப் போவதில்லை. இந்தப் பழக்கத்தை அவள் காருக்கும் கொண்டுவந்திருந்தாள். எப்போதும் டிரம்மிலிருந்து மொண்டுதான் ஊற்றிப் பார்ப்பாள். ஆனால் அந்த இரண்டு கதவும் பட்டி இல்லாமல் நேராக வந்த அன்று, கதவுகள் வாசலில் ஸ்டாண்டில் தொங்கின, சாயங்கால வெயில் சாய்ந்து சரியாக அவற்றின் மேல் விழுந்தது. டிரம் உள்ளே இருந்தது. ஓஸ் பைப் காலடியில் கிடந்தது. வெயில் போய்விடுமே என்ற அவசரத்தில் அதை எடுத்துப் பீய்ச்சிவிட்டாள். போர் தண்ணீர், வெறும் தகரத்தின் மேல். அரை நிமிஷம். கோடு வாள் போல ஓடியதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு துணியால் துடைத்து, காற்றடித்து, தின்னர் போட்டுத் துடைத்து, பிரைமரும் அடித்துவிட்டாள். தின்னர் எண்ணெயை எடுக்கும். உப்பை எடுக்காது. அந்த உப்பு பிரைமருக்கு அடியில் இருந்துகொண்டு மழை ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் கொப்பளித்திருக்கிறது.

நாலு மாதமாக ஒரு தப்புச் செய்யாதவள் சந்தோஷத்தில் செய்துவிட்டாள்.

பட்டறைக்கு இன்னும் யாரும் வரவில்லை. சும்மா இருந்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. வரத்தான் செய்யும், அவள் என்ன கல்லா? ஊக்கால் குத்திய இடத்தைத் தேய்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. நாளை மறுநாள் கருப்பு அடித்துவிடலாம். கல்யாணத்துக்குப் பளபளவென்று போகும். கொப்புளம் வெளியே கிளம்ப ஆறு மாதமாவது ஆகும், அப்போது கடல் காற்று என்று சொல்லிக்கொள்ளலாம். கன் அவள் கையில் வந்துவிடும். ஏழு வருஷம் சுவரில் அடித்தது போதாதா?

டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடித்தாள். திரும்பி வந்து, போயிருக்காதா என்று மறுபடி கையை ஓட்டிப் பார்த்தாள். அது எங்கே போகும்? அங்கேயேதான் இருந்தது. தன் கையால் அடிக்கப் போகிற முதல் வண்டி. தெரிந்தே உள்ளே சொத்தையை வைத்து மூடி அதன் மேல் கருப்பு அடிக்க வேண்டும். அப்படி அடித்தால் அந்தக் கதவைப் பார்க்கும்போதெல்லாம் வாயில் உப்புக் கரிக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஜேசுபாதம் பைக்கை நிறுத்துவதற்குள் சொன்னாள். “அண்ணாச்சி, இடது பக்கம் ரெண்டு கதவுலயும் உப்பு இறங்கியிருக்கு. நான்தான் போர் தண்ணி விட்டேன்.”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதவைத் தடவிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் அவர் விரலைப் பிடித்து இடத்தில் வைத்த பிறகுதான் தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிப் பைக்கில் மாட்டினார்.

“இருவது நாள்தான் கெடக்கு. இப்ப சொல்லுத?”

“இப்பதான் தெரிஞ்சுது.”

“படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன், போர் தண்ணியக் காட்டாதன்னு.”

“சொல்லியிருக்கிய.”

“கன் கெடையாது. செல்லப்பாண்டி அடிப்பான். வார்த்தன்னா ரெண்டு பக்கமும் வார்த்ததான்.”

“சரி அண்ணாச்சி.”

சரி என்று சொல்லிவிட்டாள். பின்பக்கம் போய் அந்தச் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கதவுகளைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தாள். “உப்பத் தின்னவ தண்ணி குடிக்கணும்,” என்று செல்லப்பாண்டி சொன்னான். அவன் அதைச் சிரிக்காமல் சொன்னதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

நேசக்குமார் சாருக்குப் போன் போட்டதும் மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். சத்தம் போடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ விஷயத்தைக் கேட்கக் கேட்க முகம் மலர்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் வேதியியல் நடத்தியவரிடம் வகுப்புக்கு வெளியே ஒருத்தர்கூட அந்தப் பாடத்தைக் கேட்டதில்லை. இப்போது ஒரு பட்டறையே வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

“நாக்குல வச்சா பார்த்தீங்க?” என்று சந்தனமாரியிடம் கேட்டார்.

“ஆமா சார்.”

“சரியான ஆள்தான். ஆனா நாக்குக்குக் கொஞ்சமா இருக்கிற உப்பு தெரியாது. நான் நாளைக்கு ஒண்ணு கொண்டுவாறேன்.”

மறுநாள் ஒரு சின்னப் பழுப்பு பாட்டிலோடு வந்தார். சில்வர் நைட்ரேட் கரைசல். ஒரு கண்ணாடி டம்ளரில் போர் தண்ணீரைப் பிடித்து அதில் இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் பால் போல வெளுத்துத் திரிந்தது. உப்பு இருந்தால் இப்படித்தான் என்றார். நீல டிரம் தண்ணீரில் விட்டார், லேசாகக் கலங்கியது. டிரம் தண்ணீரை நம்பி இத்தனை வருஷம் இருந்த ஜேசுபாதத்துக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கடைசியாக சார் அலமாரியைப் பார்த்து, “அது என்ன?” என்றார். பேட்டரிக்கு ஊற்றுகிற, காய்ச்சி வடித்த தண்ணீர். அதில் விட்டார். சொட்டு விழுந்த சுவடே இல்லை, தெளிந்தபடி நின்றது.

“இதுலதான் கழுவணும்,” என்றார்.

சந்தனமாரி கதவுகளின் பிரைமரைத் தகரம் வரைக்கும் சுரண்டினாள். மூன்று நாள். பிறகு பேட்டரி தண்ணீரை ஊற்றிப் பிரஷால் தேய்த்துக் கழுவி, கழுவிய தண்ணீரைப் பிடித்து ஒரு சொட்டு விட்டார்கள். பால். உடனே ஹீட்டரைக் காட்டிக் காய வைத்து மறுபடி கழுவினாள். பால். மூன்றாம் தடவை மோர். நாலாம் தடவை கஞ்சித் தண்ணி. ஒவ்வொரு தடவையும் பட்டறையே வேலையை விட்டுவிட்டு டம்ளரைச் சுற்றி நின்றது. சார் ஆசிரியர் தோரணையில் டம்ளரை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடிப்பார், கிரிக்கெட்டில் அம்பயர் கையைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் பார்ப்பார்கள். செல்லப்பாண்டி இன்னும் இரண்டு கழுவலில் தீருமா மூன்றில் தீருமா என்று பந்தயம் கட்டினான். ஆறாவது தடவை சொட்டு விழுந்தது. எல்லோரும் குனிந்தார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

“முடிஞ்சுது,” என்றார் சார். சந்தனமாரி அதே நிமிஷத்தில் கதவைக் காய வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் முதல் பிரைமர் ஏற ஏற்பாடு செய்துவிட்டாள். பாட்டிலில் இருந்த அந்த மருந்து பட்டு அவளுடைய விரல் நுனியெல்லாம் கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. சோப்புப் போட்டும் போகவில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னே கருப்பு அடிக்கிற நாள் வந்தது. கொட்டகைக்குள் தரையை நனைத்து, சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, ஈ கொசு வராமல் மூடினார்கள். வண்டியின் உடம்பு நடுவில் நின்றது. வலது பக்கக் கதவுகள் அதிலேயே இருந்தன. இடது பக்கக் கதவுகள் இரண்டும் ஓரமாக ஸ்டாண்டில் தொங்கின. செல்லப்பாண்டி முகமூடி மாட்டிக்கொண்டு ஆரம்பித்தான். அவனைப் பற்றி ஆயிரம் சொல்லலாம், கன்னைப் பிடித்துவிட்டால் அவன் வேறு ஆள். சாம்பல் நிற உடம்பு அவன் கை போகப் போக இருட்டி, இருட்டிய இடமெல்லாம் கண் திறந்தது. வண்டியின் கூரையில், மேலே எரிந்த டியூப் லைட் நேர்க்கோடாக விழுந்தது. எங்கும் ஒரு நெளிவு இல்லை. தான் தட்டிய தகரம் அவ்வளவு அழகாக இருக்கும் என்று சந்தனமாரியே நினைக்கவில்லை. பெருமையும் வயிற்றெரிச்சலும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது அவளுக்கு.

உடம்பு முடிந்தது. கதவுகளுக்காகப் புதிதாக ஒரு கப்பில் பெயிண்டும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் கலந்து கன்னில் ஊற்றினார்கள். கலந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் கன்னுக்குள்ளேயே இறுகிவிடும். செல்லப்பாண்டி கதவுகளின் முன்னால் போய் நின்றான். கையைத் தூக்கினான். இறக்கினான். முகமூடியைக் கழற்றினான்.

“நான் இத அடிக்க மாட்டேன்.”

“என்னலே சொல்லுத?” என்றார் ஜேசுபாதம்.

“அந்த உடம்ப நம்புதேன். இந்தக் கதவு ஒரு தடவ உப்பு தின்ன கதவு. நாளைக்கு இதுல கொப்புளம் வந்துதுன்னா மாரி தேய்ச்சான்னு எவனாவது சொல்லுவானா? செல்லப்பாண்டி அடிச்சான்னுதான் சொல்லுவான். எனக்கு எதுக்கு இந்த வம்பு? உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவ அவதான். தேய்ச்சவளே அடிக்கட்டும்.”

“ஏலே, ஹார்டனர் கலந்தாச்சு. வெளையாடாத.”

“நான் வெளையாடல.”

ஜேசுபாதம் கன்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அடிக்கத் தெரியும், ஆனால் கை நடுக்கம் வந்து அவர் கன்னைத் தொட்டு நாலு வருஷம் ஆகிறது. அவளுக்குக் கன் கிடையாது என்று சொன்ன வார்த்தையும் குறுக்கே நின்றது. பெயிண்ட் கன்னுக்குள் இறுகிக்கொண்டிருந்தது.

“என்ன நம்பி இந்தக் கதவ எத்தன தடவ கழுவச் சொன்னிய?” என்றாள் சந்தனமாரி. “ஆறு தடவ. ஏழாவதா இத நம்புங்க. தாங்க.”

ஜேசுபாதம் சரியென்று தலையை ஆட்டினார். செல்லப்பாண்டி கன்னை நீட்டினான். ஏழு வருஷமாக அவன் அவள் கையில் அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான், எப்போதும் காலியாக. இன்று கனத்தது.

முகமூடியை மாட்டிக்கொண்டாள். சுவரை நினைத்துக்கொண்டாள். ஒரு சாண் தூரம். ஒரே வேகம். விசையை இழுத்தாள். புஸ்ஸென்ற சத்தத்தோடு கருப்பு கிளம்பிக் கதவின் ஓரத்தைத் தொட்டது, பிறகு கை தானாகவே போயிற்று. போன கை கதவைத் தாண்டித்தான் நின்றது, திரும்பி வந்தது, பாதிக்குப் பாதி ஏறியது. சுவர் தண்ணீரைக் குடித்துவிடும், கதவு குடிக்கவில்லை, அடித்ததெல்லாம் மினுங்கிக்கொண்டு நின்றது. முன் கதவு ஒரு கோட். பின் கதவு ஒரு கோட். காய விட்டு இரண்டாவது. மூன்றாவது கோட் ஈரமாக ஏற்ற வேண்டும், பயந்தால் மணல் மாதிரி சொரசொரத்துவிடும், துணிந்து நின்றால் வழிந்துவிடும். பின் கதவின் அடிப்பக்கத்தில் பெயிண்ட் ஒரு கணம் திரண்டு தடுமாறியது. வழியப் போகிறது என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். அவள் கை வேகம் கூட்டி விலகியது. திரண்டது அப்படியே பரந்து அடங்கியது.

விசையை விட்டாள். கொட்டகையில் கம்ப்ரசர் சத்தம் மட்டும் கேட்டது. கதவில் அவள் தெரிந்தாள். முகமூடி, தலையில் கட்டிய துண்டு, கையில் கன். நெளியாமல், கோணாமல், இருந்தபடியே தெரிந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, முகமூடிக்குள் இரண்டையும் யாரும் பார்க்கவில்லை.

பாலிஷ் போட்டு, கதவுகளை மாட்டி, கண்ணாடி ஏற்றிய பிறகு ஜேசுபாதம் ஒரு வேலை செய்தார். ஒரு வாளி பேட்டரி தண்ணீரை வண்டியின் இடது பக்கத்தில் ஊற்றிவிட்டு, தலையைச் சாய்த்து ஓரத்திலிருந்து பார்த்தார். முன்பக்கம் முதல் பின்பக்கம் வரை ஒரே கோடு. எந்தத் தகரத்தை எவர் அடித்தது என்று கண்டுபிடிக்க அவராலும் முடியவில்லை.

இருபத்திரண்டாம் தேதி நாசரேத்துக்குப் பட்டறையிலிருந்து மூன்று பேரும் போனார்கள். வண்டி வழியில் நின்றுவிட்டால் தள்ள ஆள் வேண்டும் என்பது ஜேசுபாதம் சொன்ன காரணம், பார்க்க ஆசை என்பது உண்மைக் காரணம். கோயில் வாசலில் கூட்டம் வண்டியைச் சுற்றிக்கொண்டது. செல்லப்பாண்டி புதுச் சட்டை போட்டுக்கொண்டு, நான் அடித்த வண்டி, நான் அடித்த வண்டி என்று கேட்டவனிடமும் கேட்காதவனிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். சந்தனமாரி ஒரு வேப்ப மரத்தடியில் நின்றாள். கறுத்த விரல் நுனிகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள்.

ஆராதனை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்தார்கள். வெள்ளைப் பட்டு, தலையில் முக்காடாக நெட் துணி. படி இறங்கும்போது காற்றில் நெட் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. யாரோ கண்ணாடி தேடினார்கள். ஜெமி காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று வண்டியின் இடது பக்கம் வந்து, பின் கதவின் முன்னால் லேசாகக் குனிந்து, அதில் தன் முகத்தைப் பார்த்தாள். நெட்டை நேராக்கினாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

செல்லப்பாண்டியும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவர் அவனிடம், கதவைக் கண்ணாடி மாதிரி அடித்திருக்கிறீர்களே என்றார்.

“கதவு ரெண்டும் நான் இல்ல,” என்றான். “அந்தா நிக்கா பாருங்க, மாரி. அவ அடிச்சது.”

வண்டி நகர்ந்தது. ஜேசுபாதம் வேப்ப மரத்தடிக்கு வந்து நின்றார். வண்டி தெரு திரும்பும்வரை இருவரும் பார்த்தார்கள்.

“ஏளா, திங்கக்கெழம வெள்ள ஜீப் ஒண்ணு வருது,” என்றார். “தேய்க்கதுக்கு வேற ஆளு சொல்லியிருக்கேன். நீ கன்னப் புடிச்சாப் போதும்.”

ஏழு வருஷமாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாளோ அதுதான். சந்தனமாரி சேலைத் தலைப்பிலிருந்து கையை வெளியே எடுத்தாள்.

“ஆளு வேண்டாம் அண்ணாச்சி,” என்றாள். “நானே தேய்ச்சு நானே அடிக்கேன்.”